மச்சான் மெஷினில் கோளாறு

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குள் கார் நேராக ஓடியாக வேண்டும். அன்றைக்குச் செவ்வாய்.

நடுவில் எத்தனை நாள் என்று புரூஃப் சார் விரல் விட்டு எண்ணினார். விரல் விட்டால் ஸ்டியரிங்கையும் விட்டதாகத்தானே அர்த்தம்? எண்ணி முடிப்பதற்குள் கார் இடது பக்கமாக நகர்ந்து, ஓரமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு சைக்கிள்காரரை நலம் விசாரிக்கக் கிளம்பிவிட்டது. வெடுக்கென்று வலது பக்கம் இழுத்துப் பிடித்தார். சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். கண்ணாடி ஏற்றியிருந்ததால் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தால் வாழ்த்து மாதிரித் தெரியவில்லை.

அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை அவருக்கு. நானூறு பக்கத்துப் புத்தகத்தில் ஒரே ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தாலும் டீ குடித்துக்கொண்டே கண்டுபிடித்துவிடுவார். அதனால் அங்கே எல்லாருக்கும் அவர் புரூஃப் சார். கோபம் வந்தால் மனைவிக்கும் அவர் புரூஃப் சார்தான். ஊரார் பிழையெல்லாம் கண்ணில் படுகிற மனுஷனுக்கு, தன் வீட்டு வாசலில் நிற்கிற பதினாறு வயசுக் காரின் பிழை மட்டும் மூன்று மாதமாகப் பிடிபடவில்லை.

வாங்கின புதிதில் அது பிழை என்றே அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மழைத்தண்ணீர் வடிய வேண்டும் என்று எல்லா ரோட்டையும் ஓரத்தில் சற்றுச் சரித்துத்தான் போடுகிறார்கள், சரிவு இருந்தால் கார் சரியத்தானே செய்யும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். இரண்டாம் மாதம், ஒன்றிரண்டு பேரைக் கேட்டதில், டயர் இடமும் வலமும் பழகினால் சரியாகிவிடும் என்றார்கள். பழகியது டயர் அல்ல, அவருடைய வலது கைதான். கார் இடது பக்கம் இழுக்க, அவர் வலது பக்கம் இழுக்க, அச்சகம் போய்ச் சேருவதற்குள் கயிறு இழுக்கும் போட்டியில் ஜெயித்து வந்தவர் மாதிரி தோள் விம்மி நிற்கும்.

அவர் மட்டும் ஓட்டுகிற வரைக்கும் அதுவும் போகட்டும் என்று இருந்தார். திங்கட்கிழமைதான் சிக்கல்.

ஞாயிற்றுக்கிழமையோடு மனைவியின் பிரசவ விடுப்பு முடிகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. இனி அவர் அச்சக வேனில் போவார். அவள் காரை எடுப்பாள். பின் சீட்டில் பத்து மாதப் பாப்பா. ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் குழந்தைகள் காப்பகம். அங்கே பாப்பாவை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி.

அந்தப் பாலம்! எதிரும் புதிருமாக இரண்டு பஸ் வந்தால் இரண்டு டிரைவரும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் இடது பக்கக் கைப்பிடிச் சுவர் பத்தடிக்கு இடிந்து, மஞ்சள் பட்டை ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். மஞ்சள் பட்டை காரைத் தடுக்குமா? காற்றையே தடுக்கவில்லை, படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடினால் புரூஃப் சாருக்கு அந்தப் பத்தடிதான் தெரிந்தது. அதன் கீழே தண்ணீர். அதை நோக்கி மெல்ல மெல்ல, மிக மரியாதையாக, ஒதுங்கும் தன் கார்.

நேரே போய் மச்சானிடம் சொல்லியிருக்கலாம். மனைவியின் அண்ணன் வைத்திருப்பதே வீல் அலைன்மென்ட் கடை. கோணல் சக்கரத்தை நேராக்குவதுதான் அவர் பிழைப்பு. ஆனால் இந்தக் காரை வாங்குவதற்கு முன்னால் அவர், "மாப்ளே, ஒரு தடவை நம்ம கடைக்குக் கொண்டு வாங்க, பார்த்துட்டு வாங்கலாம்" என்றபோது, "எனக்குத் தெரியாததா மச்சான்" என்று சொன்னவர் இவர். வாங்கி வந்த பிறகு நாலு பேர் முன்னால், "அம்பு மாதிரி நேராப் போகுது மச்சான். கையை எடுத்துட்டுத் தூங்கலாம்" என்று சொன்னவரும் இவர்தான். அதே வாயால் போய், "அம்பு இடது பக்கம் போகுது" என்று எப்படிச் சொல்வது?

ஆகவே புரூஃப் சார் ஒரு முடிவுக்கு வந்தார். தானே கண்டுபிடிப்பது. தானே திருத்துவது. ஒரு ஈ காக்கைக்குத் தெரியக்கூடாது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்டாள்.

"ஏங்க, தைலம் எடுத்துட்டு வரட்டா?"

"எதுக்கு?"

"கைக்கு."

"எந்தக் கைக்கு?"

"வலது கைக்குங்க. கதவை இடது கையாலதானே திறந்தீங்க."

"அது... இன்னிக்கு நிறைய புரூஃப். பேனா பிடிச்சுப் பிடிச்சு."

"பேனா அவ்வளவு கனமா?"

புரூஃப் சார் பாப்பாவைத் தூக்கிக்கொண்டார். இடது கையால்.

புதன்கிழமை முதல் பரிசோதனை. காற்று. ஒரு பக்க டயரில் காற்றுக் குறைந்தால் கார் அந்தப் பக்கம் இழுக்கும் என்று எங்கோ படித்திருந்தார். பெட்ரோல் பங்கில் நாலு டயருக்கும் அளந்து பிடித்தார். நாலும் சமம். இழுப்பும் அப்படியே.

இரண்டாவது பரிசோதனை பிரேக். ஒரு சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தச் சக்கரம் மட்டும் சூடாகும். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மேல் வீட்டு அக்கா துணி காயப்போட வந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, வண்டிக்குக் காய்ச்சலா?"

"சும்மாக்கா. தூசி தட்டறேன்."

"தூசியைப் புறங்கையாலயா தட்டுவாங்க?"

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "விடுங்கக்கா. அவர் எதையும் தொட்டுப் பார்த்துத்தான் நம்புவாரு. என்னங்க, காய்ச்சல் எத்தனை?"

நாலு சக்கரமும் ஒரே சூடு. புரூஃப் சாருக்குத்தான் ஜுரம் வரும்போல இருந்தது.

வியாழன் மதியம், சாப்பாட்டு நேரத்தில், அச்சகத்துக்கு நாலு தெரு தள்ளி ஒரு பஞ்சர் கடைக்குப் போனார். முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போடச் சொன்னார். டயரில் கோளாறு என்றால் இழுப்பும் கூடவே வலது பக்கம் மாறிவிடும். மாறாவிட்டால் கோளாறு வேறெங்கோ. கச்சிதமான பரிசோதனை. ஒரே சிக்கல், மச்சான் அந்த வழியாகத்தான் சாப்பிடப் போவார். அதனால் புரூஃப் சார் ஒரு மின்கம்பத்தின் பின்னால் நின்றுகொண்டு ரோட்டையே கண்கொட்டாமல் பார்த்தார். மின்கம்பம் அவரைவிட ஒல்லி.

"சார், இந்த டயரை உள்பக்கமா ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்றார் பஞ்சர் கடைக்காரர்.

"பரவாயில்லைங்க, மாட்டுங்க, மாட்டுங்க. சீக்கிரம்."

"இல்ல சார், இது..."

"எனக்கு எல்லாம் தெரியுங்க. மாட்டுங்க."

மாட்டினார். புரூஃப் சார் ஓட்டிப் பார்த்தார். இழுப்பு இடது பக்கமே இருந்தது. முன்பு எப்படியோ அப்படியே.

அப்படியானால் டயர் இல்லை. காற்று இல்லை. பிரேக் இல்லை. சக்கரம் நிற்கிற நிலையே கோணல். அதை எப்படி அளப்பது? நூல் கட்டி அளக்கலாம். பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் வரை நூலை விறைப்பாக இழுத்துக் கட்டி, முன் சக்கரத்தின் முன் விளிம்புக்கும் நூலுக்கும் எவ்வளவு இடைவெளி, பின் விளிம்புக்கு எவ்வளவு என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தால் போதும். வெள்ளிக்கிழமை விடிந்ததும் வீட்டில் நூல் தேடினார். கிடைத்தது ஒன்றுதான். பாப்பாவுக்குக் குல்லாய் பின்ன மனைவி வைத்திருந்த மஞ்சள் கம்பளி நூல்.

முதல் தடவை அளந்தார். நாலு மில்லிமீட்டர் வித்தியாசம். சரிபார்க்க மறுபடி அளந்தார். ஒன்பது. மூன்றாம் தடவை வித்தியாசமே இல்லை. கம்பளி நூல் இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும் என்பது அவருக்கு உறைப்பதற்குள், நோட்டில் மூன்று விடையையும் எழுதி, பழக்கதோஷத்தில் ஓரத்தில் சிவப்பு மையால் பெரிய கேள்விக்குறி போட்டிருந்தார்.

நிமிர்ந்தால் வாசலில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவி.

"என்னங்க, காருக்கு ஸ்வெட்டர் பின்றீங்களா?"

"இல்லம்மா... நிறுத்தற இடத்தை அளக்கறேன். அடுத்த வீட்டுக்காரர் நம்ம பக்கம் வந்துட்டே இருக்காரு."

"அவர் வரலைங்க. யார் பக்கம் யார் போறாங்கன்னு எனக்குத் தெரியும்." நூலைப் பந்தாகச் சுற்றிக்கொண்டே உள்ளே போனாள். வாசற்படியில் நின்று திரும்பினாள். "திங்கட்கிழமை நான் எத்தனை மணிக்குக் கிளம்பினாச் சரியா இருக்கும்? பாலத்துல கூட்டம் இருக்குமே?"

"ஏழரை" என்றார்.

அன்று அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயரைத் திருத்தாமல் விட்டார். வாழ்நாளில் முதல் பிழை. சொல்லிவிடலாம், இன்று ராத்திரியே சொல்லிவிடலாம் என்று நினைத்தார். "இந்தக் காரை நீ ஓட்டாதே" என்று ஒரு வார்த்தை. ஏன் என்று கேட்பாள். மூன்று மாதம் இதிலேதானே எங்களைக் கூட்டிக்கொண்டு போனீர்கள் என்று கேட்பாள். அந்தக் கேள்வியை அவரே தன்னிடம் கேட்டு மூன்று வாரமாகிறது.

சாயங்காலம் கூடத்தில் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சமையலறையில் மனைவி அண்ணனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணா சொல்ற? புது மெஷினா?... அடக் கடவுளே. நல்லா ஓடற வண்டியைக்கூட கோணல்னு காட்டுதா?... ஆமாமா, கம்பெனி ஆளு வர்றதுக்குள்ள டெஸ்ட் பண்ணித்தானே ஆகணும்... நூத்துக்கு நூறு நேரா ஓடற வண்டியா? அப்படி ஒரு வண்டிக்கு இந்த ஊர்ல எங்க போவ?... இவரா? ஐயோ வேண்டாம்ணா. இவர் தன் காரை யாரையும் தொடவிட மாட்டாரு."

புரூஃப் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மெஷின் கெட்டிருக்கிறது! நேராக ஓடும் கார் தேவை! அம்பு மாதிரி ஓடும் கார் யாரிடம் இருக்கிறது என்று மச்சானுக்கே தெரியும். காரைக் கொண்டுபோய் மெஷினில் ஏற்ற வேண்டியது. மெஷின் சிவப்பாகக் காட்டும். பார்த்தீர்களா, மெஷின் தப்பு என்று சொல்லிவிட வேண்டியது. பிறகு, மெஷினை ஆராய்கிற சாக்கில், காரை அங்கே இங்கே கொஞ்சம் அசைக்கச் சொன்னால்? யோசிக்க யோசிக்கத் தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

சமையலறை வாசலுக்குப் போய் நின்றார்.

"மச்சானுக்கு ஏதோ கஷ்டம்போல?"

"அது ஒண்ணுமில்லைங்க. நீங்க பாப்பாவைப் பாருங்க."

"கஷ்டத்துல உதவலேன்னா அப்புறம் சொந்தம் எதுக்கு? நாளைக்கே காரைக் கொண்டு போறேன்."

"வேண்டாங்க. சனிக்கிழமைதான் உங்களுக்கு ஓய்வு."

"நான் போறேன்."

"கைவலி வேற..."

"போறேன்னு சொல்றேன்ல!"

"அவ்வளவு பிடிவாதமா இருந்தா நான் என்ன சொல்ல" என்றாள் மனைவி. பாத்திரம் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் ஏன் குலுங்கியது என்று புரூஃப் சார் பார்க்கவில்லை. அதற்குள் கார் சாவியைத் தேடப் போய்விட்டார்.

மச்சானுக்குச் சிரிக்கவே தெரியாது. இஸ்திரி போட்ட மாதிரி முகம். கார் மேடையில் ஏறியது. நாலு சக்கரத்திலும் நண்டு பிடித்த மாதிரி நாலு கவ்விகளை மாட்டினார். திரையில் மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு காரின் படம் வந்தது. சரியாக இருந்தால் பச்சை, தப்பாக இருந்தால் சிவப்பு. படம் முழுக்கச் சிவப்பு. அச்சகத்தில் மிக மோசமான புரூஃப்கூட இவ்வளவு சிவப்பாக இருந்ததில்லை.

"பார்த்தீங்களா மச்சான்!" என்று துள்ளினார் புரூஃப் சார். "மெஷின் சுத்தமாத் தப்பு!"

"ஆமா மாப்ளே. அதுதான் கவலையா இருக்கு. இப்ப என்ன பண்ணலாம்?"

"ஒண்ணு பண்ணலாம். காரைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்திப் பார்ப்போம். எப்ப மெஷின் பச்சை காட்டுதோ அப்பத் தெரிஞ்சுடும்."

"என்ன தெரியும்?"

"மெஷின் சரியாயிடுச்சுன்னு."

மச்சான் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "எனக்கு இது தோணவே இல்லை பாருங்க" என்று சொல்லிவிட்டுக் காருக்கு அடியில் போனார். அடியிலிருந்து ஏதோ செருமும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. தூசியாக இருக்கும்.

"மாப்ளே, இங்க குனிஞ்சு பாருங்க. இடது சக்கரத்தைப் பிடிச்சிருக்கற கை இது. அதோட மூட்டுல இருக்கற ரப்பர் புஷ் கிழிஞ்சு, சக்கரமே பின்னால தள்ளி நிக்குது. இப்படி நின்னா வண்டி இடது பக்கம் இழுக்கணுமே?"

"இழுக்கலையே மச்சான்! நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப இங்க வந்துதான் கிழிஞ்சிருக்கும். மெஷின் வெளிச்சம் பட்டு."

"இருக்கும் மச்சான். புது மெஷின் பாருங்க."

"சரி, மாத்திடறேன். மெஷின் கெடுத்ததை நான்தானே சரி பண்ணணும்." கொஞ்ச நேரம் ஸ்பேனர் சத்தம். பிறகு மச்சானின் குரல் மாறி வந்தது. "மாப்ளே. இந்த டயர் இடது பக்கம் ஓடினது. யாரோ மாத்தி வலது பக்கம் மாட்டியிருக்காங்க."

"யாரு?"

"அதை விடுங்க. உள்பக்கத்தைப் பாருங்க."

புரூஃப் சார் குனிந்து பார்த்தார். வெளிப்பக்கம் நல்ல டயர். உள்விளிம்பில், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், ரப்பரே இல்லை. மழித்த மாதிரி இருந்தது. ஓரிடத்தில் கம்பி நூல் நூலாக வெளியே வந்திருந்தது.

விரலால் தொட்டார். கம்பி குத்தியது.

பஞ்சர் கடைக்காரர் இதைத்தான் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். எல்லாம் தெரியும் என்று சொல்லி அனுப்பியவர் இவர். இது எங்கே வெடித்திருக்கும்? அச்சகம் போகும் வழியிலா? பாலத்திலா? அந்த மஞ்சள் பட்டைக்கு நேராகவா? மனக்கண்ணில், பின் சீட்டில் ஒரு குட்டிக் குல்லாய் தெரிந்தது. புரூஃப் சார் அங்கிருந்த பழைய டயர் ஒன்றின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மச்சான் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

"குடிங்க மாப்ளே. மெஷினைச் சரி பண்றதுன்னா சும்மாவா. அலுப்பா இருக்கும்."

முன்னால் இரண்டும் புது டயர். புது புஷ். மறுபடி கவ்விகள். திரையில் ஒவ்வொரு சிவப்பாகப் பச்சையானது. கடைசிச் சிவப்பும் பச்சையானபோது புரூஃப் சாருக்குக் கண் கலங்கியது. "பாருங்க மச்சான், மெஷின் சரியாயிடுச்சு" என்றார். இந்தத் தடவை துள்ளலில்லை.

திரும்பி வரும்போது இன்னொரு திகில். மூன்று மாதப் பழக்கத்தில் கை தானாக வலது பக்கம் இழுத்தது. எதிர்த்து இழுக்க இடது பக்கம் ஆளில்லை. கார் சொன்ன பேச்சைக் கேட்டு வலது பக்கம் பாய்ந்தது. எதிரே வந்த பால் வண்டிக்காரர் வாழ்த்தினார். இம்முறை கண்ணாடி இறக்கியிருந்ததால் நன்றாகவே கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"உங்கண்ணன் மெஷினைச் சரி பண்ணிக் கொடுத்துட்டேன்."

"நிஜமாவா? எப்படிங்க?"

"அது கொஞ்சம் நுட்பமான வேலை. சொன்னா உனக்குப் புரியாது."

"சொல்லாதீங்க" என்றாள் மனைவி. "எனக்குத் தலை சுத்தும்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகை பார்க்கலாம் என்றாள். அவள் ஓட்டினாள். புரூஃப் சார் பின்னால் பாப்பாவின் பக்கத்தில், சீட்டு விளிம்பில், இல்லாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாலம் வந்தது. எதிரே பஸ் வந்தது. பஸ்ஸும் போனது. மஞ்சள் பட்டை நெருங்கியது. பத்தடி. படபடப்பது பட்டையா தன் நெஞ்சா என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அவள் இரண்டு உள்ளங்கையையும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரற்கடை எடுத்தாள்.

"ஏய்! ஏய்!"

கார் கோடு கிழித்த மாதிரி நேராகப் போனது. மஞ்சள் பட்டை பின்னால் போய்ச் சேர்ந்தது. அவள் கையை மறுபடி வைத்தாள். பாலம் முடிந்ததும் அவள் இடது கையைப் பின்னால் நீட்டி, தடவித் தேடி, பாப்பாவின் பாதத்தை ஒரு தடவை இறுக்கிப் பிடித்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

"மூச்சை விடுங்க" என்றாள், எக்ஸ்ரே அறையில் சொல்கிற அதே குரலில்.

புரூஃப் சார் விட்டார். மூன்று மாதமாக அடைத்து வைத்திருந்த மூச்சு. விட்ட மூச்சோடு பழைய மிடுக்கு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

"பார்த்தியா, அம்பு மாதிரி! அன்னிக்கே சொன்னேனே. உங்கண்ணன்கிட்ட சொல்லிவை, இனிமே எந்த மெஷின் கெட்டாலும் கூச்சப்படாம என்னைக் கூப்பிடச் சொல்லு."

"சொல்றேங்க" என்றாள் மனைவி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "அடுத்த சனிக்கிழமை அவரோட பிரேக் பார்க்கற மெஷின் கெட்டுப் போகப் போகுது, வேற வேலை எதுவும் வெச்சுக்காதீங்க."